முகம் வீங்குவதற்கு முன்பே வாந்தி எடுத்தான்: நாய்க்கு ஒவ்வாமை என்று எதை வைத்து அறிவது?

நாகமலைவாசி:

வணக்கம். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கோம்பைக் கலப்பில் நான்கு வயது ஆண் நாய் ஒன்று இருக்கிறது. முகவாய் முழுவதும் கரி பூசியதுபோல் இருப்பதால் கருவாயன் என்றே அழைக்கிறோம். சென்ற ஞாயிறு மாலை ஐந்தரை மணியளவில், கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில் அவனை நடக்க விட்டிருந்தபோது, தாமரைக் குளத்தை ஒட்டிய புதருக்குள் மூக்கை நுழைத்தவன் வீலென்று கத்திப் பின்வாங்கி, முன்னங்கால்களால் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். கொட்டியது தேனீயா, குளவியா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். பிறகு தண்ணீராக வயிறு போயிற்று. வண்டி நிறுத்தியிருந்த இடம் வரை நடக்க மாட்டாமல் ஆலமரத்தடியிலேயே படுத்துவிட்டான். அன்று கோயிலில் ஒரு குடும்பத்தார் கிடா வெட்டி விருந்து வைத்திருந்தார்கள். எச்சில் இலையில் எதையோ தின்றுவிட்டான், அதுதான் வயிற்றைப் புரட்டுகிறது என்று நானாகவே முடிவு கட்டி, அவனைத் தூக்கி வண்டியில் வைத்து வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் முகம் வீங்கத் தொடங்கியது. உதடுகள் தடித்துத் தொங்கின, இமைகள் புடைத்துக் கண்கள் வெறும் கோடாகிவிட்டன. விலாப்புறத்தில் முடி திட்டுத் திட்டாக எழும்பி நின்றது, தடவினால் தோலுக்கு அடியில் காசு காசாகத் தடிப்பு. என் அம்மாச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, இது காணாக்கடி, கண்ணில் படாத பூச்சி கடித்து எழும்பிய தடிப்பு என்று சொல்லி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். பூசினோம், அவன் பூசப் பூச நக்கித் தீர்த்தான். ஒரு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசியபோது, முகவீக்கம்தானே, காலையில் கொண்டுவாருங்கள் என்றார்கள். வாந்தி எடுத்ததை நான் அவர்களிடம் சொல்லவே இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மனம் கேட்காமல் ஏழரை மணிக்கு வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் இரண்டு ஊசி போட்டார், ஒரு மணி நேரத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதே தடிப்பு மறுபடியும் எழும்பி, விடியும்போது தானாக அடங்கியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அவனைத் தேனீ கொட்டியிருக்கிறது. அப்போது காலில் சிறு வீக்கத்தோடு போய்விட்டது. இப்போது என் ஐயங்கள் மூன்று. காலைவரை காத்திருக்கலாமா, உடனே ஓட வேண்டுமா என்பதை எதைப் பார்த்து முடிவு செய்வது? நாங்கள் சளிக்கு வாங்கி வைத்திருக்கும் செட்ரிசின் மாத்திரையை அவனுக்குக் கொடுக்கலாமா? அடுத்த மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டியிருக்கிறது, இப்படிப்பட்ட உடம்புக்கு அதைப் போடலாமா?

மேலூர் தென்னந்தோப்பு:

தம்பி, உங்கள் நாய் பிழைத்துக்கொண்டது மகிழ்ச்சி. மருத்துவ விடையை அறிந்தவர்கள் சொல்வார்கள். தோப்பில் நாய் வளர்ப்பவன் என்ற முறையில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் சிப்பிப்பாறை நாய் ஒன்று மட்டைக் குவியலில் எலியைத் துரத்திக்கொண்டு போய், முகம் வீங்கித் திரும்பி வந்தது. தோப்பில் கடந்தை என்னும் பெருங்குளவியின் கூடு இருந்தது எங்களுக்குத் தெரியும் என்பதால், கடந்தைதான் கொட்டிவிட்டது, மாத்திரை கொடுத்தால் வடிந்துவிடும் என்று ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கிவிட்டோம். வீக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததையும், தொட்டால் அது கடிக்க வந்ததையும், உதட்டோரம் இரத்தம் கசிந்து நிற்காமல் இருந்ததையும் பார்த்தோமே தவிர, அவற்றைச் சேர்த்து வைத்து யோசிக்கவில்லை. அது கண்ணாடி விரியன். நச்சுமுறிவு மருந்து ஏற்றியும் காப்பாற்ற முடியவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். அந்தப் புதரில் இருந்தது பூச்சிதான் என்று உறுதியாகத் தெரியுமா? குளத்தங்கரைப் புதருக்குள் பாம்பு இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. வீக்கம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்ததா, தொட விட்டதா என்று எழுதுங்கள்.

நாகமலைவாசி:

அண்ணே, இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. தொட்டதற்கு வலித்ததாகத் தெரியவில்லை. மாறாக முகத்தைத் தரைவிரிப்பில் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தான். இரத்தம் எங்கும் இல்லை. மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது மூக்கின் ஓரத்தில் கறுப்பாக ஒரு சிறு முள் இருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:

அந்த முள் தேனீயின் கொடுக்கு. குளவியும் கடந்தையும் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை, தேனீ மட்டுமே விட்டுச் செல்லும். மேலூர் நண்பர் எழுதியதை எல்லாரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வாமை வீக்கம் மெத்தென்று இருக்கும், பெரும்பாலும் இரு பக்கமும் பரவும், வலியைவிட அரிப்பே மிகுந்திருக்கும். விரியன் கடித்த வீக்கம் கடித்த பக்கத்தில் தொடங்கி இறுகி, நிறம் மாறி, கடுமையாக வலிக்கும். ஐயம் இருந்தால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். தவறாக இருந்தாலும் இழப்பு ஒன்றுமில்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வாந்தியைக் கிடா விருந்தின் கணக்கிலும், வீக்கத்தைக் கொட்டின் கணக்கிலும் எழுதிவிட்டீர்கள். இரண்டும் ஒரே கொட்டின் விளைவு. அவற்றுள் உயிருக்கு ஆபத்தாக இருந்தது நீங்கள் சாதாரணமாக நினைத்த வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். நீங்கள் கோயிலடியில் இருந்தபோதே ஆபத்து வந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் பதறிய நேரத்தில் அது பெரும்பாலும் கடந்து போயிருந்தது.

மனிதர்களுக்குக் கடும் ஒவ்வாமை வந்தால் தொண்டை அடைக்கும், மூச்சு இழுக்கும் என்று கேட்டுப் பழகியிருப்பதால் நாய்க்கும் அதையே எதிர்பார்க்கிறோம். ஆனால் நாயின் உடம்பில் முதல் அடி குடலிலும் கல்லீரலிலும்தான் விழுகிறது. முதல்முறை கொட்டியபோதே உடல் அந்த நஞ்சை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. மறுமுறை கொட்டும்போது தோலிலும் குடலிலும் நிறைந்திருக்கும் மாஸ்ட் செல்கள் என்னும் காவல் செல்கள், வீக்கத்தையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒரே நேரத்தில் வெளியே கொட்டுகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலில் சிறு வீக்கத்தோடு போனதற்கும் இப்போது நடந்ததற்கும் உள்ள தொடர்பு இதுதான். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தோடு ஹிஸ்டமினும் போய்ச் சேர, கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகள் இறுகிக்கொள்கின்றன. வைகை அணையில் மதகை இறக்கிவிட்டால் மேலே நீர் தேங்கி நிற்க, மதுரையில் ஆற்று மணல் காய்ந்து கிடக்குமே, அதுபோல வயிற்றுக்குள் இரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து போகிறது. வாந்தியும், தண்ணீராகவோ சில வேளை இரத்தம் கலந்தோ போகும் கழிச்சலும், கால் துவண்டு படுத்துவிடுவதும் இதனால்தான். இந்த நிலையில் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்தால் பித்தப்பையின் சுவர் தடித்துத் தெரிவது உண்டு. தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமல் சுருண்டு விழுந்த நாய்களில் அதை வைத்து ஒவ்வாமையை ஊகிக்க முடிகிறது.

எனவே நீங்கள் பார்க்க வேண்டியது வீக்கத்தின் அளவை அன்று, வீக்கத்தோடு வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்பதை. முகம் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தாலும், நாய் நடமாடிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, மூச்சு சீராக இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டு நிதானமாகப் போகலாம். வாந்தி, கழிச்சல், தள்ளாட்டம், இழுக்கும் மூச்சு இவற்றுள் ஒன்று இருந்தாலும், வீக்கமே இல்லையென்றாலும், அந்த நிமிடமே வண்டி புறப்பட வேண்டும். நாக்கிலோ தொண்டைக்குள்ளோ கொட்டியிருந்தால் வேறு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தேன்கூடு கலைந்து கூட்டமாகக் கொட்டியிருந்தாலும் அப்படியே. அங்கே ஒவ்வாமை இல்லாத நாயையும் நஞ்சின் அளவே வீழ்த்திவிடும்.

ஈறைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளுத்தே இருந்தாலும், திரும்பத் தாமதமானாலும் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். கருவாயன் போன்ற நாய்களுக்கு ஈறும் கறுத்தே இருக்கும் என்பதால், கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பார்த்து வைத்திருந்தால்தான் கெட்ட நாளில் வேறுபாடு தெரியும்.

உங்கள் அம்மாச்சி காணாக்கடி என்று சொன்னது சரியான கணிப்பு, அதில் குறை காண ஒன்றுமில்லை. மஞ்சள் பூசியதால் கெடுதலும் இல்லை, நேரம் போனதுதான் இழப்பு. வீட்டில் செய்யக்கூடியது சிறிதளவே: கொடுக்கு தெரிந்தால் எந்த முறையிலாவது உடனே எடுத்துவிடுவது, ஏனெனில் அது தோலில் இருக்கும்வரை நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வீக்கத்தின் மேல் வைப்பது, துவண்ட நாயைப் பக்கவாட்டில் கிடத்தித் தூக்கிச் செல்வது. வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றக் கூடாது, வாயைக் கட்டவும் கூடாது.

செட்ரிசின் பற்றி. தோல் தடிப்புக்கும் அரிப்புக்கும் நாய்களுக்கு அதை நாங்களும் எழுதிக் கொடுப்பதுண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை என்பது வழக்கமான அளவு. ஆனால் உங்கள் நாயைப் பார்த்த மருத்துவரிடம் அவனுக்குரிய அளவை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் செட்ரிசின் மட்டுமே இருக்க வேண்டும். சளி மாத்திரைகளில் அதோடு பாராசிட்டமாலோ, மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரினோ கலந்திருந்தால் அது நாய்க்கு நஞ்சு. இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்த மருந்துகளும் அப்படியே. அமெரிக்கர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் பெனட்ரில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது டைபென்ஹைட்ரமின் மட்டுமே உள்ள மாத்திரையை. நம் மருந்துக் கடையில் இருமலுக்குத் தரும் பாகில் வேறு சேர்மானங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாந்தி எடுத்துத் துவண்டு கிடக்கும் நாய்க்கு எந்த மாத்திரையும் பயன்படாது. உள்ளே தங்காது, தங்கினாலும் குறைந்த இரத்த அழுத்தத்தை அது தூக்கி நிறுத்தாது. அதற்கு அட்ரினலின் ஊசியும் சிரை வழியாக ஏற்றும் திரவமும்தான் வழி.

இரவு இரண்டு மணிக்கு மறுபடி எழும்பியதும் எதிர்பார்க்கக்கூடியதே. முதல் அலை அடங்கிய பிறகு இரண்டாவது அலை பெரும்பாலும் ஒரு நாளுக்குள், அரிதாக மூன்று நாள் வரையிலும் வரலாம். ஊசி போட்ட இரவில் நாயை வெளியே கட்டிப் போடாமல், உங்கள் கண்ணில் படும் இடத்தில் படுக்க வையுங்கள்.

தடுப்பூசியைத் தவிர்க்காதீர்கள். தேனீ நஞ்சுக்கு ஒவ்வாமை இருப்பதால் தடுப்பூசிக்கும் இருக்கும் என்று பொருளில்லை. வெறிநோய் வந்துவிட்டால் மீட்பும் இல்லை. நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அன்று வேறு தடுப்பூசி எதையும் சேர்த்துப் போட வேண்டாம். மாலையில் போடாமல் காலையில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.

கே.கே. நகர் லேப்ரடார்:

ஐயா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் லேப்ரடாருக்கு ஆண்டு முழுவதும் காது நாற்றமும் பாதத்தை நக்குவதும் ஓய்வதில்லை. கோழிச் சோறுதான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதுவும் ஒரு நாள் இப்படித் திடீரென்று வாந்தி, மயக்கம் என்று போய்விடுமா?

பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:

அம்மா, பயப்பட வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் உங்கள் நாய்க்கு இருப்பது மெல்ல அரிக்கும் வேறு வகை. அது தோலைக் கெடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் ஆளைச் சாய்க்காது. உணவை ஐயப்படுவதற்கு முன் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று வாலடி முடியை விலக்கிப் பாருங்கள். அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடியே போதும். கோழிதான் காரணமா என்பதை இரத்தப் பரிசோதனையால் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் நாய் இதுவரை தின்றிராத ஒரே புரதத்தை மட்டும் எட்டு வாரமாவது கொடுத்து, அரிப்பு குறைந்தால் மறுபடி கோழியைக் கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. அந்த எட்டு வாரமும் பிஸ்கட் ஒன்றுகூட வீட்டில் யாரும் நீட்டக் கூடாது. இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். விரிவாகத் தனி இழையில் கேளுங்கள், எழுதுகிறேன்.

நாகமலைவாசி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி கருவாயனின் கீழ் இமையை நாள்தோறும் சோறு வைக்கும்போது இழுத்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன். உட்புறம் சிவப்புக் கொய்யாவின் சதைபோல் இருக்கிறது. ஆலமரத்தடியில் அன்று அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. அரிசிக் கடைத் தராசில் நிறுத்தியதில் இருபத்திரண்டு கிலோ இருந்தான். எங்கள் மருத்துவர் அந்த எடைக்கு உரிய மாத்திரை அளவைச் சீட்டில் எழுதித் தந்தார். அதை இரவில் திறந்திருக்கும் இரண்டு மருத்துவமனைகளின் எண்களோடு கழுத்துப்பட்டை மாட்டும் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறோம். கால்நடை ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் எழுதி வைத்தோம். ஆனால் அது ஆடு மாடுகளுக்கே பெரிதும் ஓடுகிறது என்பதால், ஆபத்து நேரத்தில் அதை எதிர்பார்த்து உட்கார மாட்டோம்.

சென்ற வாரம் காலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். மருத்துவமனைத் திண்ணையில் அரை மணிக்கு நாற்பது நிமிடமாகவே உட்கார்ந்திருந்தோம். அவன் அங்கே வந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்துக் குரைத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு இருக்கிறது. அமுக்கினால் வலியில்லை. இதுவும் ஒவ்வாமையா, ஐயா?

பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:

இல்லை தம்பி. தடுப்பு மருந்து தங்கிய இடத்தில் ஏற்படும் சிறு கட்டி அது. சில வாரங்களில் கரைந்துவிடும். தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் காட்டுங்கள்.